விடுப்பில் போனவரின் கோப்பு யாரிடம் இருக்கிறது?

தமிழ்நாட்டின் பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பணியாற்றும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், விடுப்பையும் கட்டாயப் பயிற்சியையும் பற்றியவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருந்தாலும் கேள்வியின் பொருளை மாற்றவில்லை.

*எங்கள் பேரூராட்சியில் அலுவலகப் பணியாளர்கள் மிகச் சிலரே. மார்ச் மாத வரிவசூல் நேரத்திலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் விடுப்புக் கேட்கிறார்கள். இதற்கிடையில் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லியும் கடிதம் வருகிறது. மறுத்தால் மனக்கசப்பு, கொடுத்தால் வேலை நின்றுவிடுகிறது. விடுப்பை மறுக்க எனக்கு அதிகாரம் உண்டா?*
(செயல் அலுவலர், மேற்கு மாவட்டம் ஒன்று)

அதிகாரம் உண்டு. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பதும், பொதுப்பணியின் தேவை கருதி அதை மறுக்கவோ திரும்பப் பெறவோ அனுமதிக்கும் அலுவலருக்கு உரிமை உண்டு என்பதும் அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதிகளின் 67-ஆம் விதியிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த விதியை மேசையின் மேல் எடுத்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பொதுப்பணியின் தேவை என்று எழுதும் அலுவலர், அந்தத் தேவை என்ன என்பதையும் விடுப்பு விண்ணப்பத்தின் குறிப்பிலேயே இரண்டு வரியில் எழுத வேண்டும். "மார்ச் இறுதி வரை வரிவசூல், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதித் திருப்பிய விண்ணப்பத்துக்கும், காரணமே இல்லாமல் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிய விண்ணப்பத்துக்கும் பணியாளர் மனத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மருத்துவச் சான்றோடு வரும் விண்ணப்பத்தில் ஐயம் இருந்தால் இரண்டாம் மருத்துவக் கருத்துக்கு அனுப்பலாம். உடல்நலமில்லை என்றவரை நம்பாமல் நேரடியாக மறுப்பதோ, கேட்ட விடுப்பின் வகையை அலுவலர் தாமாகவே மாற்றி அனுமதிப்பதோ முறையன்று.

உங்கள் அலுவலகத்துக்கு அதைவிட முக்கியமாகத் தேவைப்படுவது டிசம்பர் மாதத்திலேயே போட்டுவைக்கும் ஒரு நாள்காட்டி. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்றும் அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்றுமாகக் கணக்கிடப்படுகிறது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டுவோருக்கு ஐந்து விழுக்காடு, அதிகபட்சமாக 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரி முகப்பில் கூட்டம் மிகும். மார்ச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் வடிகால், கொசு ஒழிப்பு, நிவாரண முகாம் என்று சுகாதாரப் பிரிவும் பொறியியல் பிரிவும் விடுப்பைத் தாங்காது. இப்படிப் பார்த்தால் மே நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை ஓரளவு மூச்சுவிட இடமிருக்கிறது. நீண்ட ஈட்டிய விடுப்பையும் (பணி செய்த காலத்துக்குச் சேரும் விடுப்பு) பயிற்சி அனுப்புதலையும் அந்த மாதங்களுக்குத் தள்ளி, யார் எந்த வாரம் என்று பணியாளர்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கள் கையாலேயே வாரத்தைக் குறித்துக்கொண்டவர்களிடமிருந்து மார்ச்சில் வரும் விண்ணப்பங்கள் தானாகவே குறையும்.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள் என்பதும், இடைப்பட்ட விடுமுறை நாட்களையும் சேர்த்துத் தொடர்ச்சியாகப் பத்து நாளைத் தாண்டக் கூடாது என்பதும், ஈட்டிய விடுப்போடு அதை ஒட்டவைக்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரிவசூல் முகாமுக்கு வரித்தண்டலரை வரச் சொல்லியிருப்பீர்கள். அதற்கு எழுத்துப்பூர்வமான ஆணை போட்டிருந்தால்தான் அவர் ஈடுசெய் விடுப்புக் கேட்க முடியும், அதையும் ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். வாய்மொழியாக அழைத்துவிட்டுப் பிறகு "ஆணை இல்லையே" என்று கைவிரிப்பது பல அலுவலகங்களில் நடக்கிறது. அடுத்த முகாமுக்கு அந்த மனிதர் மனமுவந்து வரமாட்டார் என்பது ஒருபுறம் இருக்க, அது அவருக்குச் செய்யும் அநீதியும் ஆகும்.

*நான் நகராட்சியில் இளநிலை உதவியாளர். என் பிரிவுக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்றின் மீது மேலாளர் விவரம் கேட்டு எழுதியிருந்தார். மறுநாள் முதல் எனக்கு இரண்டு வார ஈட்டிய விடுப்பு. திரும்பி வந்தபோது 30 நாள் கடந்திருந்தது, மனுதாரர் மேல்முறையீடு செய்துவிட்டார். "நீதான் தண்டத்தொகை கட்ட வேண்டும்" என்கிறார்கள். விடுப்பில் இருந்தவர் மீது பொறுப்புச் சுமத்த முடியுமா?*

இந்தச் சட்டத்தைப் பற்றி நம் அலுவலகங்களில் முறையாகப் பயிற்சி கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது என்ற வருத்தத்தோடு பதில் சொல்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாக இருந்தால் 48 மணி நேரம். அந்தக் கெடு அலுவலகத்துக்கு உரியது, யாருடைய விடுப்புக்காகவும் அது நின்று காத்திருப்பதில்லை. காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாமல் தண்டத்தொகை விதிக்கும் அதிகாரம் தகவல் ஆணையத்துக்கு உண்டு. அந்தத் தொகை அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும், நகராட்சி நிதியிலிருந்து போகாது.

உங்கள் மேலாளர் சொல்வதில் ஒரு பகுதி சரி. பொதுத் தகவல் அலுவலர் வேறொரு அலுவலரின் உதவியை நாடினால், அந்த அலுவலர் உதவ வேண்டும் என்றும், சட்ட மீறலைப் பொறுத்தவரை அவரையும் பொதுத் தகவல் அலுவலராகவே கருத வேண்டும் என்றும் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "நான் வெறும் உதவியாளர், எனக்குப் பொறுப்பில்லை" என்ற வாதம் நிற்காது. ஆனால் தண்டத்தொகையை நகராட்சி மேலாளர் விதிக்க முடியாது. அதை விதிப்பது ஆணையம். விதிப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்டாக வேண்டும். அப்போது தாம் நியாயமாகவும் விரைவாகவும் செயல்பட்டதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அலுவலரைச் சேரும். இப்போது மேல்முறையீட்டு அலுவலரிடம் இருக்கும் நிலையிலேயே தகவலைக் கொடுத்து முடித்துவிடுவதுதான் மனுதாரருக்கும் உங்களுக்கும் நல்லது.

இதில் உங்கள் நிலை முழுவதும் ஒரே ஒரு தாளைப் பொறுத்தது. விடுப்பில் போகும் முன் உங்கள் தன்பதிவேட்டையும் (உங்களிடம் வரும் கோப்புகளைப் பதியும் ஏடு) நிலுவைக் கோப்புகளையும் யாரிடம் ஒப்படைத்தீர்கள்? ஒப்படைப்புப் பட்டியலில் இந்த மனு, பெறப்பட்ட தேதியோடும் கெடுநாளோடும் எழுதப்பட்டிருந்ததா? இருந்தால் உங்கள் நேர்மைக்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. கேள்வி பொறுப்பேற்றவரிடமும், மாற்று ஏற்பாடு செய்யாமல் விடுப்பை அனுமதித்தவரிடமும் போகும். இல்லையென்றால், விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம்.

விடுப்பு அனுமதிக்கும் அலுவலர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. விடுப்பு ஆணையின் அடியில் "இவருடைய பணியை இன்னார் கவனிப்பார்" என்ற ஒரு வரியும், கெடுநாள் உள்ள கோப்புகளின் பட்டியலும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தகவல் மனு, நீதிமன்ற வழக்குக்கான பதிலுரை, தணிக்கைத் தடைக்கான (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபத்துக்கான) பதில், கட்டட அனுமதி விண்ணப்பம் ஆகிய நான்கையும் அந்தப் பட்டியலில் கட்டாயம் தேடுங்கள். பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்போதும் இதே ஏற்பாடு வேண்டும். விடுப்புக்குக் காட்டும் கவனத்தைப் பயிற்சிக்குக் காட்டாமல் விடுவதால், "பயிற்சிக்குப் போனால் வேலை குவிந்துவிடும்" என்ற அச்சம் பணியாளரிடம் வேரூன்றிவிடுகிறது. பிறகு பயிற்சி என்றாலே விலக்குக் கேட்கிறார்கள்.

*தகுதிகாண் பருவத்தில் இருக்கிறேன். பவானிசாகர் அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வரும் நேரத்தில் நான் மகப்பேறு விடுப்பில் இருப்பேன். விடுப்பைக் குறைத்துக்கொண்டு போக வேண்டுமா? பயிற்சிக் காலம் விடுப்பில் கழியுமா?*

விடுப்பைக் குறைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 2021 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டு அரசுப் பெண் பணியாளர்களுக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பயிற்சி அழைப்பை அடுத்த அணிக்கு மாற்றித் தருமாறு மருத்துவச் சான்றின் நகலோடு அலுவலகத் தலைவர் வழியாக இப்போதே எழுதுங்கள். அழைப்பு வந்தபின் எழுதினால் வராதவர் பட்டியலில் பெயர் ஏறிவிடக்கூடும். பயிற்சிக் காலம் பணிக்காலமாகவே கொள்ளப்படும், விடுப்பில் கழியாது. மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இதனால் பல பெண்களின் பணிமூப்பு இழப்பு தவிர்க்கப்படும். ஆனால் அடிப்படைப் பயிற்சியை முடிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது என்பதால், அதைத் தள்ளிக்கொண்டே போகாமல் விடுப்பு முடிந்தவுடன் வரும் அணியிலேயே சேர்ந்துவிடுங்கள்.

*நான் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக நகராட்சியில் தூய்மைப் பணி செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம் நகராட்சியின் நிரந்தரப் பணியாளர் ஒருவர் தொடர்ந்து தவறாக நடந்துகொள்கிறார். "நீங்கள் ஒப்பந்த ஆட்கள், உங்கள் கம்பெனியில் போய்ச் சொல்லுங்கள்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் பயத்தில் வேலைக்கு வரவே தயங்குகிறார். வராத நாளுக்குச் சம்பளமும் போகிறது.*

அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்னது தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் "பணியாளர்" என்ற சொல்லை மிக விரிவாக வரையறுத்திருக்கிறது. நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, பயிற்சிக்கு வந்தவர், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர். குற்றம் சாட்டப்படுபவர் நகராட்சிப் பணியாளர், நடந்த இடம் நகராட்சியின் பணியிடம். ஆகவே நகராட்சியின் உள்ளகப் புகார்க் குழு இதை விசாரிக்கக் கடமைப்பட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வொரு பணியிடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் அலுவலர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். உங்கள் நகராட்சியில் குழுவே இல்லையென்றாலும், புகார் அலுவலகத் தலைவர் மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதம் கெடு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் குழு அதற்கு உதவி செய்தாக வேண்டும். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அவர் வேலைக்கு வரத் தயங்குகிறார் என்பதும் சம்பளம் போகிறது என்பதும்தான். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. விசாரணை நடக்கும் காலத்தில் அந்தப் பெண் எழுத்துமூலம் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பினரையோ வேறிடத்துக்கு மாற்றவும், அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு வழங்கவும் குழு பரிந்துரைக்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. அந்த விடுப்பு அவருக்கு ஏற்கெனவே உள்ள விடுப்புக்குக் கூடுதலானது. அதிலிருந்து கழிக்கக் கூடாது. பரிந்துரையை நிறைவேற்றி அதைக் குழுவுக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. ஆகவே புகார் மனுவோடு இந்த வேண்டுகோளையும் தனித் தாளில் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த விடுப்பைப் பதிவு செய்யும் இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வருகைப் பதிவேடு எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை மேல் கிடக்கிறது. அதில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே "விசாரணை விடுப்பு" என்று சிவப்பு மையில் எழுதினால், புகார் கொடுத்தவர் யார் என்பது அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் 16-ஆம் பிரிவில் தடுக்கிறது. பதிவேட்டில் "விடுப்பு" என்ற ஒரு சொல் போதும். காரணம் உள்ள ஆணை குழுத் தலைவரின் பூட்டிய உறையில் இருக்கட்டும். ஒப்பந்த நிறுவனத்துக்குப் போகும் ஊதியப் பட்டியலிலும் அதே கவனம் வேண்டும். வருகைப் பதிவேட்டை எழுதும் உதவியாளருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காத எந்த விழிப்புணர்வுப் பயிற்சியும் பாதிப் பயிற்சிதான்.

நகராட்சி நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதும், குறிப்பிட்ட இடைவெளியில் பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சியும் குழு உறுப்பினர்களுக்குத் தனிப் பயிற்சியும் நடத்துவதும் 19-ஆம் பிரிவின்படி நிர்வாகத்தின் கடமைகள். குழுவே அமைக்காமல் விட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. "உங்கள் கம்பெனியில் போய்ச் சொல்லுங்கள்" என்று பதில் சொன்னவரை முதல் வரிசையில் உட்காரவைத்து அந்தப் பயிற்சியை நடத்த வேண்டும்.

*சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சி நடத்தியதாகப் படமும் கையெழுத்துப் பட்டியலும் அனுப்பச் சொல்கிறார்கள். தொழிலாளர்களை ஒரு நாள் மண்டபத்தில் உட்காரவைத்தால் ஒப்பந்ததாரர் அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்கிறார். பயிற்சியால் ஏதாவது பயன் உண்டா என்றே தோன்றுகிறது.*

பயன் உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் முறையில் இல்லை. கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்கி அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எந்த மனிதரையும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் மீறலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இவ்வளவு கனமான சட்டத்தின் கீழ் வேலை செய்வோருக்கான பயிற்சி, ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுவதை ஏற்க முடியாது.

மண்டபத்தை விட்டுவிடுங்கள். காலையில் மஸ்டர் (வருகைப் பட்டியல்) எடுக்கும் இடத்திலேயே, வாரம் ஒருமுறை, கால் மணி நேரம் போதும். ஒரு வாரத்துக்கு ஒரு செய்தி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, அந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனால் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை, வாயு மிகுந்து மூக்கு மரத்துப்போயிருக்கலாம் என்பது ஒரு வாரம். மீத்தேனுக்கு மணமே இல்லை, தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது என்பது அடுத்த வாரம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் வெறும் கையோடு குதிப்பதால்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன, தீயணைப்புத் துறைக்கு அழைப்பதுதான் உதவி என்பது மற்றொரு வாரம். ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கையுறையையும் முகக்கவசத்தையும் போட்டுக்காட்டச் செய்யுங்கள். எங்கே கிழிந்திருக்கிறது, எந்த அளவு பொருந்தவில்லை என்பதெல்லாம் அப்போது தெரியும். அதை அன்றே பதிவேட்டில் எழுதி இருப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் பட்டியலை விட அந்தப் பதிவேடு ஆயிரம் மடங்கு மதிப்புள்ளது.

விடுப்போடு தொடர்புடைய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வார விடுமுறை நாளில்தான் தனியார் வீட்டுக்காரர்கள் தூய்மைப் பணியாளரைத் தனியாக அழைத்து, கூடுதல் பணம் தருவதாகச் சொல்லித் தொட்டியில் இறக்குகிறார்கள். அன்று அவரிடம் பாதுகாப்புக் கருவியும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. "விடுமுறையானாலும் இறங்காதே, 14420 என்ற எண்ணுக்கு அழைத்துக் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வரச் சொல்" என்பதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அழைப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வீடுகளுக்குக் கொடுக்கும் வரிக் கேட்பு அறிவிப்பிலேயே அச்சிடலாம்.

கூலிப் பிடித்தத்தைப் பொறுத்தவரை, பயிற்சி நேரம் வேலை நேரமே என்ற நிபந்தனை அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் இடம்பெற வேண்டும். அதுவரை, மஸ்டர் எடுத்தபின் பயிற்சி நடத்தினால் வருகை பதிவாகிவிடும், பிடித்தம் செய்ய ஒப்பந்ததாரருக்கு இடமிருக்காது.

*அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறேன். என் கணக்கில் ஈட்டிய விடுப்பு 240 நாள் இருக்க வேண்டும், பணிப்பதிவேட்டில் குறைவாக இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?*

காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். ஆண்டுக்கு 30 நாளாக, ஜனவரி முதல் நாளிலும் ஜூலை முதல் நாளிலும் 15 நாள் வீதம் முன்கூட்டி வரவு வைக்கப்படும் கணக்கு இது. சேமிப்பின் உச்சவரம்பு 240. பிழை பெரும்பாலும் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். மாறுதலில் வந்த ஆண்டின் அரையாண்டு வரவு, பழைய அலுவலகமும் புதிய அலுவலகமும் ஒன்றையொன்று நம்பியதால் எழுதப்படாமலே போயிருக்கும். ரத்து செய்த விடுப்பு, எடுத்ததாகவே கழிக்கப்பட்டிருக்கும். விடுப்புச் சரண் செய்து, அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்து, பணம் பெற்ற 15 நாள், இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையிலும் பிழை இருக்கலாம்: சரண் செய்தது கழிக்கப்படாமலே இருந்து, ஓய்வுபெற்றபின் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் அது வெளிப்பட்டு, ஓய்வூதியரிடம் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால் அது மிகவும் துயரமானது. ஆகவே உங்களுக்குச் சாதகமான பிழையையும் நீங்களே சுட்டிக்காட்டிவிடுங்கள்.

பணியில் சேர்ந்த ஆண்டிலிருந்து ஒரு தாளில் ஆண்டு, வரவு, எடுத்தது, சரண், இருப்பு என்று ஐந்து பத்தி போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். இருப்பு முதன்முதலாக வேறுபடும் ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஆண்டின் ஊதியப் பட்டியலையும் விடுப்பு ஆணையையும் மட்டும் பதிவறையிலிருந்து எடுத்தால் போதும். திருத்தம் செய்தபின் அலுவலகத் தலைவரின் கையொப்பமும் தேதியும் அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இளைய பணியாளர்கள் இதைப் படித்தால், ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். கொரோனா காலத்தில், 2020-இல் நிறுத்தப்பட்ட விடுப்புச் சரண் 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. நடுவில் ஐந்து ஆண்டு இடைவெளி இருப்பதால் பதிவில் குழப்பம் வர வாய்ப்பு மிகுதி.

*பொதுமக்களில் ஒருவன் நான். பெயர் மாற்றத்துக்காக நகராட்சிக்குப் போனால், "அந்த சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் போனால் "டிரெயினிங் போயிருக்கிறார்" என்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?*

இரண்டு கேள்வி கேளுங்கள். "அவருடைய பிரிவை இப்போது யார் கவனிக்கிறார்கள்?" என்பது முதல் கேள்வி. விடுப்பில் போனாலும் பயிற்சிக்குப் போனாலும் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்புக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், அதற்கு ஒரு பெயரோ பதவியோ பதிலாக வந்தாக வேண்டும். வராவிட்டால் மேலாளரையோ ஆணையரையோ நேரில் பார்த்து அதே கேள்வியைக் கேளுங்கள். பணியாளர் விடுப்பு எடுத்ததற்காக அவர் மேல் கோபப்பட வேண்டாம், அது அவருக்கு உரியது. மாற்று ஏற்பாடு செய்யாததுதான் குறை. "என் மனுவுக்குப் பதிவு எண்ணும் தேதியும் உண்டா?" என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் விண்ணப்பத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஒப்புகை தராமல் இருந்தால், அது இன்னும் அலுவலகத்துக்குள் வரவே இல்லை என்றுதான் பொருள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் படியிறங்காதீர்கள். அதில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்டால், விடுப்பில் இருப்பவரின் மேசையிலிருந்தும் கோப்பை எடுத்துக்கொடுக்க வேண்டிய பொறுப்பு அந்த அலுவலகத்துக்கு இருக்கிறது.